நெடுந்தூர சைக்கிள் பயணமும் காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்ட ஆரம்பிப்பவர்கள் முதலில் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். கொஞ்ச நாள் ஓட்டியபிறகு கேள்வியெல்லாம் காற்றைப் பற்றியதாக மாறிவிடும். ஒரே நாளில் 80, 100 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் ஓட்டுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பை கட்டிக்கொண்டு பல நாள் பயணம் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எதிர்காற்று அடித்தால் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

சமதரையில் சைக்கிள் ஓட்டும்போது உங்கள் உழைப்பு இரண்டு வேலைகளுக்குச் செலவாகிறது. ஒன்று, டயர் தரையில் உருள்வது. இன்னொன்று, முன்னால் இருக்கும் காற்றை விலக்கிக்கொண்டு போவது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற சாதாரண வேகத்திலேயே பாதிக்கும் மேற்பட்ட உழைப்பு காற்றை விலக்கத்தான் போகிறது.

காற்றின் தடை வேகத்தோடு சேர்ந்து நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. நீங்கள் 20-ல் போகிறீர்கள், எதிரே 20-ல் காற்று வீசுகிறது என்றால் உங்கள் உடம்பில் மோதும் காற்றின் வேகம் 40. வேகம் இரண்டு மடங்கு, தடை நான்கு மடங்கு.

ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 95 கிலோ, ஓரளவு நிமிர்ந்து உட்காரும் நிலை என்று வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றே இல்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 65, 70 வாட் போதும். 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் அதே வேகத்தில் போக 175 வாட் வேண்டும். அதே 67 வாட் மட்டும்தான் கொடுப்பேன் என்றால் வேகம் 11 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். உங்கள் கால் பலவீனமாகிவிடவில்லை, எல்லோருக்கும் இதுதான் கணக்கு. இதைப் புரிந்துகொண்டாலே பாதி மனக்கஷ்டம் போய்விடும் என்பது என் அனுபவம்.

போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. கடைசியில் சரியாகிவிடாதா?

சரியாகாது. மேலே சொன்ன அதே ஆள் 20 கிலோமீட்டர் போய்த் திரும்பி வருகிறார் என்று வையுங்கள். காற்றில்லாத நாளில் மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். காற்று அடிக்கும் நாளில் போகும்போது 11 கிலோமீட்டர் வேகம். அதற்கே 1 மணி 49 நிமிடம் ஓடிவிடும். திரும்பும்போது அதே உழைப்பில் 31 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். 39 நிமிடத்தில் வந்துவிடலாம். மொத்தம் 2 மணி 28 நிமிடம். அதாவது 28 நிமிடம் நஷ்டம்.

காற்று கெடுத்த பாதியில் நீங்கள் அதிக நேரம் இருக்கிறீர்கள், உதவிய பாதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறீர்கள். அதனால் இழந்த நேரம் முழுசாகத் திரும்பி வராது. திட்டம் போடும்போது இதைச் சேர்த்துப் போடுங்கள்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்காற்றாகவே இருக்கிறதே, பிரமையா?

பெரும்பாலும் இல்லை. சைக்கிள் நகரும்போதே முன்னாலிருந்து ஒரு காற்று வரும். பக்கவாட்டில் வீசும் காற்று அதோடு சேர்ந்து, சாய்வாக முன்பக்கத்திலிருந்து அடிப்பதுபோல உங்கள் மேல் படும். 20-ல் போகும் ஒருவருக்கு நேர்ப் பக்கத்திலிருந்து 20-ல் காற்று வீசினால், முன்னோக்கிய தடை சுமார் 40 சதவீதம் கூடிவிடும். காற்று சரியாகப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, ஆனாலும் வேகம் குறைகிறது.

இந்தக் கணக்கின்படி, காற்று நேர்ப் பக்கத்தைத் தாண்டி இன்னும் 10, 12 பாகை பின்னால் நகர்ந்தால்தான் உதவ ஆரம்பிக்கும். சுற்றியுள்ள 360 பாகையில் 200-க்கும் மேல் உங்களுக்கு எதிர்தான். சுற்றுப்பாதையில் ஓட்டும்போது 'நாள் முழுக்க எதிர்காற்று' என்று தோன்றுவதற்கு இது ஒரு நிஜக் காரணம்.

வேகம் குறைந்துகொண்டே போகிறது. எவ்வளவு அழுத்தி மிதிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காற்று வந்ததும் வேகத்தை விட்டுவிடுங்கள், உழைப்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்காற்றில் நெடுந்தூரப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் காற்றால் அல்ல. வழக்கமான வேகத்தைக் காப்பாற்றியே தீருவேன் என்று முதல் இரண்டு மணி நேரம் முட்டி மோதுவதால்தான் கெட்டுப்போகிறது. நேற்று 22-ல் வந்தேன், இன்றைக்கும் 22 வர வேண்டும் என்று மிதித்தால், நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் சக்தி நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். பிற்பகலில் காற்று இன்னும் கூடும்போது கையில் ஒன்றும் இருக்காது.

உழைப்பை அளக்கப் பவர் மீட்டர் இருந்தால் வாட்டைப் பாருங்கள். நாடித்துடிப்பு மானி இருந்தால் அதைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மூச்சு போதும்: முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? பேச முடிந்தால் அந்த உழைப்பை நாள் முழுக்கத் தாங்கலாம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், 15 வந்தாலும் சரி, 9 வந்தாலும் சரி, அது அதிகம்தான்.

ஒரு சின்னத் திருத்தம் உண்டு. எதிர்காற்றில் கொஞ்சம் கூடுதலாக உழைத்து, பின்காற்றில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மொத்த நேரம் சற்றுக் குறையும். மெதுவாகப் போகும் பகுதியில்தான் அதிக நேரம் செலவாகிறது என்பதால் அங்கே போடும் உழைப்புக்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' நிஜமாகவே கொஞ்சமாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரே சீராகப் போங்கள்.

வேகத்தைக் காட்டும் திரையை மறைத்துவிட்டு, நேரமும் நாடித்துடிப்பும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காற்று நாளில் இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

எந்த கியரில் ஓட்டுவது?

ஏற்றத்தில் கியரை இறக்குவது போலவே இங்கேயும் இறக்குங்கள். மேலே கணக்கிட்ட 20-க்கு 20 எதிர்காற்று, சுமார் 2 சதவீத ஏற்றத்துக்குச் சமமான பாரம். கால் ஒரு நிமிடத்துக்கு 70, 80 சுற்றுக்குக் குறையாமல் சுழலும் கியரில் வைத்தால் முட்டி தப்பிக்கும். சமதரையில் சின்ன கியரா என்று கூச்சப்பட வேண்டாம். காற்று விட்டு விட்டு வீசினால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், மாற்றுங்கள்.

உட்காரும் நிலையை மாற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

நன்றாகவே தெரியும். காற்றுத் தடையில் முக்கால் பங்கு அளவுக்கு உங்கள் உடம்பால் வருவது, வண்டியால் அல்ல. டிராப் பாரின் (கீழே வளைந்த ஹேண்டில்பாரின்) கீழ்ப்பிடிக்குக் கையை இறக்குங்கள். அது முடியவில்லை என்றால் பிரேக் மேற்பிடியிலேயே கையை வைத்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்துங்கள். முழங்கைகள் இரண்டும் உள்பக்கமாக ஒடுங்கியிருக்கட்டும். நேர் ஹேண்டில்பார் வண்டியிலும் முழங்கையை மடக்கினால் நல்ல பலன் உண்டு.

ஆனால் மூன்று மணி நேரம் தொடர்ந்து குனிந்தால் கழுத்தும் இடுப்பும் பதில் சொல்லும். அதனால் பத்து நிமிடம் குனிவது, ஒரு நிமிடம் நிமிர்வது என்று மாற்றி மாற்றிப் போவது நல்லது. நிமிரும் நேரத்தை மரவரிசையோ சுவரோ காற்றை மறைக்கும் இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டால் நஷ்டமும் குறைவு.

இன்னொன்று: காற்றில் நாம் அறியாமலேயே ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்போம். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகிறது என்றால் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது. பிடியைத் தளர்த்துங்கள், கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

ஏரோ பாரில் முழங்கையை ஊன்றிப் போவது சீரான நேர் எதிர்காற்றில் அருமையாக உதவும். காற்று திடீர் திடீரென்று மாறி வீசினால் வேண்டாம். பிரேக் எட்டாத தூரத்தில் இருக்கும், வண்டியைத் திருப்பிப் பிடிப்பதும் கடினம்.

சுமையைக் குறைத்தால் காற்றைச் சமாளிக்கலாமா?

எடை ஏற்றத்தில்தான் பெரிதாகக் கணக்கு. சமதரையில் காற்றோடு மல்லுக்கட்டும்போது எடையைவிட அகலமும் உயரமும்தான் முக்கியம். ஒரு கிலோவை வீட்டில் விட்டுவருவதைவிட, அதே பொருளை உங்கள் உடம்பின் நிழலுக்குள் வருகிற மாதிரி கட்டுவது மேல். சீட்டுக்குப் பின்னால் நீளவாக்கில் நிற்கும் பை, பிரேமின் முக்கோணத்துக்குள் அடங்கும் பை இவையெல்லாம் காற்றுக்கு அதிகம் தெரியாது. கேரியரின் இருபுறமும் தொங்கும் பெரிய பைகள் தெரியும். அவைதான் வேண்டும் என்றால் தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமான எடையில் கட்டுங்கள். ஹேண்டில்பார் மேல் உயரமாக எதையும் கட்டாதீர்கள்; பக்கக்காற்று அதைப் பிடித்து முன்சக்கரத்தைத் திருப்பும்.

உடையையும் கவனியுங்கள். படபடக்கும் தொளதொள ஜாக்கெட், வேகம் குறைப்பதற்கென்றே தைத்தது மாதிரி வேலை செய்யும். ஜிப்பை மேலே வரை இழுத்துவிடுங்கள். அந்தப் படபடப்புச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருப்பதும் களைப்பைக் கூட்டும்.

பக்கக்காற்றில் வண்டி தள்ளாடுகிறது. பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயப்படுவது சரியே. எதிர்காற்று களைப்பாக்கும், பக்கக்காற்றுதான் விழவைக்கும்.

முதலில் உடம்பு. கையை இறுக்காதீர்கள், முழங்கையை மடக்கித் தளர்வாக வையுங்கள். இறுக்கமான கை, உடம்பில் படும் ஒவ்வொரு தள்ளலையும் அப்படியே முன்சக்கரத்துக்கு அனுப்பும். உடம்பை முன்னால் தாழ்த்தினால் முன்சக்கரத்தில் எடை கூடி வண்டி நிதானப்படும். இறக்கத்தில் பலத்த காற்று அடித்தால் மிதிப்பதை நிறுத்தி, ஒரு முட்டியை மேல் குழாயோடு ஒட்டி வையுங்கள், ஆட்டம் அடங்கும். வேகத்தையும் முன்கூட்டியே குறைத்துவிடுங்கள்.

அப்புறம் சாலையில் உங்கள் இடம். ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் தள்ளாட ஒரு மீட்டராவது இருக்கட்டும்.

லாரி கடக்கும் கணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டிகள் கடந்து போகும் பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழாமல் இருக்க நீங்கள் உங்களை அறியாமலே அந்தப் பக்கம் சாய்ந்து ஓட்டுவீர்கள். பின்னாலிருந்து ஒரு லாரி வந்து உங்களுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல நீண்டு கடக்கும்போது, காற்று ஒரே அடியாக நின்றுபோகும். நீங்கள் சாய்ந்திருந்த பக்கம், அதாவது லாரியை நோக்கி, வண்டி இழுக்கும். சுதாரித்து நிமிர்வதற்குள் லாரியின் வால் தாண்டிவிடும்; காற்று மறுபடி முழு வேகத்தில் வந்து ஓரத்துக்குத் தள்ளும். இரண்டு மூன்று நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

லாரி வருவது தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, பிடியைத் தாழ்த்தி, அது நெருங்கும்போதே சாய்வைக் கொஞ்சம் விட்டுவிடுவது ஒன்றே வழி. காற்றுச் சத்தத்தில் பின்னால் வரும் வண்டி காதில் விழாது என்பதால் ஒரு சின்னக் கண்ணாடியை ஹேண்டில்பாரிலோ ஹெல்மெட்டிலோ மாட்டிக்கொள்ளுங்கள். எதிரே வரும் பெரிய வண்டியும் ஒரு காற்று அலையைத் தள்ளிக்கொண்டு வரும். குறுகிய சாலையில் அதற்கும் தயாராக இருங்கள்.

இதே கதைதான் மரவரிசை முடியும் இடத்திலும், பாலம் தொடங்கும் இடத்திலும், இரண்டு குன்றுகளுக்கு இடையிலான இடைவெளியிலும். அடுத்த ஐம்பது மீட்டரில் மறைப்பு முடியப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் வந்துவிட்டால் திடுக்கிட வேண்டியிருக்காது.

உயரமான ரிம் உள்ள சக்கரம் காற்றில் ஆபத்தா?

பின்சக்கரத்தில் அவ்வளவாக இல்லை. முன்சக்கரத்தில் உண்டு, ஏனென்றால் காற்று அதைப் பிடித்துத் திருப்பும். காற்று நிச்சயம் என்று தெரிந்த நாளில் முன்னால் உயரம் குறைந்த ரிம் போடுங்கள். எடை குறைந்த ஓட்டுநர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

குழுவாகப் போகும்போது காற்றை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது?

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு அருகில் ஒட்டிப் போனால் உங்கள் உழைப்பில் கணிசமான பகுதி, சாதகமான நிலையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட, மிச்சமாகும். எதிர்காற்றில் இந்த மிச்சம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஒட்டிப் போய்ப் பழகாதவர்கள் ஒரு மீட்டர் விட்டுப் போனாலும் பலன் இருக்கிறது. சக்கரங்கள் ஒன்றோடொன்று பக்கவாட்டில் இணையாக வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் சற்று விலகினாலும் விழுவது பின்னால் இருப்பவர்தான்.

முன்னால் நிற்கும் முறை குறுகியதாக இருக்கட்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதும். முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டாதீர்கள். புதிதாக முன்னால் வருகிறவர் ஆர்வத்தில் இரண்டு கிலோமீட்டர் கூட்டிவிடுவார், கடைசியில் இருப்பவர் குழுவிலிருந்து அறுந்துபோவார். அறுந்தவர் தனியாகக் காற்றில் மாட்டிக்கொண்டால் குழு அவருக்காகக் காத்திருக்க வேண்டிவரும், எல்லோருக்கும் நஷ்டம். பலசாலி அதிக வேகத்தில் அல்ல, அதிக நேரம் முன்னால் நிற்க வேண்டும். பலம் குறைந்தவர் அரை நிமிடம் நின்றுவிட்டு விலகலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

காற்று பக்கவாட்டில் வந்தால் மறைப்பு நேர் பின்னால் கிடைக்காது. இடப்பக்கக் காற்றென்றால் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் சற்று வலப்பக்கம்தான் ஒதுங்கிடம். அடுத்தவர் அவருக்கும் சற்று வலப்பக்கம். இப்படிச் சாய்ந்த வரிசையாக நிற்பதைப் பந்தயக்காரர்கள் எஷலோன் என்பார்கள். முன்னால் இருப்பவர் காற்று வரும் பக்கமாக விலகிப் பின்னால் வர, மறைவுப் பக்கம் இருப்பவர்கள் முன்னேறுவார்கள். சாலையின் அகலம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேருக்குத்தான் இதில் இடம். மீதிப் பேர் ஓரத்தில் வரிசையாகக் காற்றை வாங்குவார்கள். 2016-இல் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் சாலைப் பந்தயத்தில் பாலைவனத்துப் பக்கக்காற்று கூட்டத்தை உடைத்ததும் இப்படித்தான்.

போக்குவரத்து உள்ள சாலையில் இதை முழு அகலத்துக்குச் செய்யக்கூடாது. மூன்று நான்கு பேராக, தங்கள் தடத்துக்குள் அடங்கும் அளவுக்கு மட்டும் சாய்ந்து நின்று, அடுத்த சிறு குழு பின்னால் வரட்டும்.

வானிலை அறிவிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

திசை, சராசரி வேகம், திடீர் வீச்சு, மணிக்கு மணி மாற்றம் நான்கையும் பாருங்கள். அறிவிப்பில் சொல்லும் திசை, காற்று வரும் திசை. மேற்கு என்றால் மேற்கிலிருந்து வருகிறது; நீங்கள் மேற்கே போனால் முகத்தில் அடிக்கும். வேகம் நொடிக்கு மீட்டரில் இருந்தால் 3.6-ஆல் பெருக்குங்கள், 'நாட்' (knot) என்ற அளவில் இருந்தால் 1.85-ஆல், மணிக்குக் கிலோமீட்டர் கிடைக்கும்.

அறிவிப்பில் வரும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. சைக்கிளில் இருக்கும் உங்கள் உயரத்தில், வெட்டவெளியில் அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். மரங்களும் வீடுகளும் சூழ்ந்த இடத்தில் இன்னும் குறைவு. சராசரிக்கும் திடீர் வீச்சுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த நாள் கைக்கு வேலை வைக்கும் நாள். சீரான 30-ஐவிட, 20-க்கும் 45-க்கும் இடையே தாவும் காற்று மோசம்.

கையில் அறிவிப்பு இல்லாவிட்டால் கண்ணை நம்பலாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-இல் வகுத்த அளவுகோலின் தரைவழி அடையாளங்கள் சைக்கிள்காரருக்கு அப்படியே உதவும். தூசியும் காகிதமும் பறந்து சிறு கிளைகள் அசைந்தால் 20 முதல் 28 கிலோமீட்டர். இலையடர்ந்த சிறு மரங்கள் முழுசாக ஆடினால் 29 முதல் 38. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிப்பது சிரமமானால் 39 முதல் 49. மரம் முழுதும் ஆடி, எதிர்த்து நடப்பதே கஷ்டமானால் 50-க்கு மேல். தூரத்தில் காற்றாலை தெரிந்தால் அதன் இறக்கைகள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ அங்கிருந்துதான் காற்று வருகிறது.

எந்த நேரத்தில் கிளம்பினால் காற்று குறைவு?

பெரும்பாலான இடங்களில் விடியற்காலை. இரவில் தரை குளிர்ந்திருப்பதால் மேலே ஓடும் வேகமான காற்று கீழே இறங்குவதில்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் மேல் காற்றும் கீழ்க் காற்றும் கலக்க ஆரம்பிக்கும். முற்பகலில் எழுந்து, பிற்பகலில் உச்சம் தொட்டு, சூரியன் மறைந்ததும் அடங்கும். கடற்கரையில் பகலில் கடலிலிருந்து தரைக்கும், இரவில் தரையிலிருந்து கடலுக்கும் வீசும். மலைப் பள்ளத்தாக்கில் பகலில் மேல்நோக்கியும் இரவில் கீழ்நோக்கியும் வீசும்.

எதிர்காற்றுத் திசையில் 60 கிலோமீட்டர் இருக்கிறது என்றால் அதை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். பெரிய புயலோ காற்றழுத்தத் தாழ்வோ கடக்கும்போது இந்த நேரக்கணக்கு செல்லாது, இரவிலும் அடிக்கும்.

வழித்தடத்தைக் காற்றுக்கேற்ப எப்படிப் போடுவது?

ஒரே நாள் சுற்றுப் பயணம் என்றால் முதல் பாதி எதிர்காற்று, இரண்டாம் பாதி பின்காற்று. கால் புதிதாக இருக்கும்போது கஷ்டத்தை முடித்துவிடலாம். பாதியில் முடியவில்லை என்றாலும் காற்றே வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும்.

பல நாள் பயணத்தில் அந்தப் பருவத்தின் நிலையான காற்று எந்தத் திசை என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவின் பசிபிக் கடற்கரையை வடக்கிலிருந்து தெற்காக ஓட்டுகிறவர்களே அதிகம், ஏனென்றால் கோடையில் அங்கே வடமேற்குக் காற்று. தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில் மேற்கிலிருந்து வீசும் காற்று பெயர்பெற்றது. அங்கே மேற்கு நோக்கிப் போகும் ஒரு நாளுக்குக் கிழக்கு நோக்கிப் போகும் நாளின் தூரத்தில் பாதி வைத்தாலும் தப்பில்லை.

வரைபடத்தில் இரண்டு சாலைகள் இருந்தால், சற்றுச் சுற்றானாலும் மரங்களும் ஊர்களும் உள்ளதை எடுங்கள்.

நேர வரம்புள்ள பிரெவே பயணத்தில் காற்று வந்தால் என்ன செய்வது?

பிரெவே என்பது பந்தயம் அல்ல, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம். 200 கிலோமீட்டர் பிரெவேக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி நேரம். நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். காற்றில் உங்கள் ஓடும் வேகமே 15-க்கு வந்துவிட்டால் நிறுத்த நேரம் எங்கிருந்து வரும் என்று பதற்றம் வருவது இயல்பு.

அப்போது வேகத்தைக் கூட்டி மீட்கப் பார்க்காதீர்கள், நிறுத்தங்களைச் சுருக்குங்கள். எதிர்காற்றில் ஒரு கிலோமீட்டர் வேகம் கூட்ட எவ்வளவு உழைப்பு என்று மேலே பார்த்தோம். வழியில் முத்திரை வாங்கும் கட்டுப்பாட்டு நிலையத்தில் அரை மணி நேரத்துக்குப் பதில் பன்னிரண்டு நிமிடம் நின்றால் அந்த நேரம் காலுக்கு வலிக்காமல் கிடைக்கிறது. உள்ளே போகும் முன்பே என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்: முத்திரை, தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, கிளம்பு. திரும்பும் பாதியில் காற்று பின்னால் இருக்குமா என்பதையும் கணக்கில் எடுங்கள். இருக்குமென்றால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பி வரும்.

தண்ணீர், சாப்பாட்டில் மாற்றம் வேண்டுமா?

வேண்டும். எதிர்காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக் குடிக்காமல் இருந்துவிடுவீர்கள். நேரம் பார்த்துக் குடியுங்கள். சாப்பாட்டையும் கிலோமீட்டர் கணக்கில் பிரிக்காமல் மணிக்கணக்கில் பிரியுங்கள். வழக்கமாக நான்கு மணி நேரம் ஆகும் தூரம் ஆறு மணி நேரம் ஆகும்போது, நான்கு மணி நேரத்துக்குக் கட்டிய சாப்பாடு போதாது. இரண்டு ஊர்களுக்கு நடுவே வெட்டவெளி என்றால் தண்ணீரும் அதே கணக்கில்.

பலத்த காற்றில் ஒரு கையை எடுத்துச் சாப்பிட முடியாது. பலர் இதனாலேயே சாப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். மறைவான இடம் பார்த்து இரண்டு நிமிடம் நின்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கண்ணாடி போடுங்கள், தூசி மட்டும் அல்ல, காற்றே கண்ணை உலர்த்திவிடும். குளிரான நாளில் காதையும் நெஞ்சையும் மூடுங்கள்.

பின்காற்றில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

மூன்று உண்டு. வெயில் நாளில் உங்கள் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகிவிட்டால் உடம்பில் காற்றே படாது, சூடு ஏறிவிடும். நிற்க அதிக தூரம் வேண்டும், பிரேக்கை முன்னாடியே பிடியுங்கள். மூன்றாவது முக்கியமானது: போய்த் திரும்பும் பயணத்தில் முதலில் பின்காற்று கிடைத்தால் அது பின்காற்று என்றே பலருக்குத் தெரியாது, இன்றைக்கு நன்றாக ஓட்டுகிறோம் என்று தோன்றும். கிளம்பும்போதே காற்றின் திசையைப் பார்த்து, திரும்பும் இடத்தை முடிவு செய்துவிடுங்கள்.

மனசு சோர்ந்துபோகிறது. அதற்கு என்ன வழி?

ஏற்றத்துக்கு ஒரு உச்சி உண்டு, கண்ணுக்கும் தெரியும். காற்றுக்கு அது இல்லை. அதனால் முடிவை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் 70 கிலோமீட்டர் என்று நினைக்காதீர்கள். அடுத்த 40 நிமிடம் என்று நினையுங்கள். 40 நிமிடம் முடிந்தால் ஒரு மறைவில் இறங்கி நில்லுங்கள், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் சரி.

காதில் ஓயாமல் இரையும் சத்தம்தான் பாதிச் சோர்வு. ஒரு மெல்லிய துணிப்பட்டையைக் காது மேல் இறக்கிவிட்டால் இரைச்சல் குறையும். வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தலையைத் திருப்பிப் பார்த்தாலே புரியும், கொஞ்சம் கோணம் மாறினால் அந்த இரைச்சல் எவ்வளவு மாறுகிறது என்று.

காற்றுக்கென்று பயிற்சி எடுக்க முடியுமா?

காற்று நாளில் ஓட்டுவதே பயிற்சி. அது தசையைவிடக் கையையும் பொறுமையையும் பழக்குகிறது. பக்கக்காற்றுப் பழக, வண்டி நடமாட்டம் இல்லாத அகலமான சாலையில் மிதமான காற்றில் முதலில் ஓட்டிப் பாருங்கள். நெதர்லாந்தில் மலையே கிடையாது, காற்றுதான் அவர்களுக்கு ஏற்றம். அங்கே 2013 முதல் எதிர்காற்று சைக்கிள் சாம்பியன்ஷிப் என்றே ஒன்று நடத்துகிறார்கள். ஓஸ்டர்ஸ்கெல்டே என்ற கடல் தடுப்பணையின் மேல் 8.5 கிலோமீட்டர், கியர் இல்லாத சாதாரண சைக்கிளில். பலத்த புயல்காற்று வரும் என்று தெரிந்தால் மட்டுமே, சில நாள் முன்னால் அறிவித்து நடத்துவார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் அந்த வண்டியில் எல்லோரும் மடங்கிக் குனிந்து மிதிப்பதைப் பார்த்தால், உட்காரும் நிலையைப் பற்றி நான் மேலே சொன்னது விளங்கும்.

எப்போது ஓட்டுவதை நிறுத்த வேண்டும்?

சராசரி 40-ஐத் தாண்டி, திடீர் வீச்சு 60-ஐத் தொடும் என்று அறிவிப்பு இருந்தால், போக்குவரத்து உள்ள சாலையில் கிளம்பாதீர்கள். அதற்குக் கீழே இருந்தாலும், நேர்க்கோட்டில் வண்டியை வைத்திருக்க முடியாமல் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளப்படுகிறீர்கள் என்றால் அந்த இடத்திலேயே இறங்கிவிடுங்கள். உயரமான பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதற்குத் தயங்க வேண்டாம். தூசி எழுந்து எதிரில் வருவது தெரியவில்லை என்றால் சாலையை விட்டே விலகி நில்லுங்கள், ஏனென்றால் ஓட்டுநர்களுக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். கருமேகம் திரண்டிருக்கும்போது திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் இடிமழை நெருங்கிவிட்டது. பலத்த வீச்சு நிமிடங்களில் வந்துவிடும்.

திறமை இருந்தால் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த கென்ட்-வெவெல்கெம் பந்தயத்தைச் சொல்வேன். உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் பலர் பக்கக்காற்றில் சாலையை விட்டே தூக்கி எறியப்பட்டார்கள். ஜெரைன்ட் தாமஸ் ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தார். எழுந்து வந்து மூன்றாம் இடம் பிடித்தார். அன்றைக்குக் கிளம்பியவர்களில் முடித்தவர்கள் 39 பேர்தான். அவர்களுக்குச் சாலை மூடப்பட்டிருந்தது, பின்னால் லாரி வரவில்லை.

நிறுத்துவது என்று முடிவு செய்தால் காற்று எப்போது குறையும் என்று பாருங்கள். பெரும்பாலும் சூரியன் மறைந்து ஓரிரு மணி நேரத்தில் தணியும். முன்விளக்கும் பின்விளக்கும் நல்ல நிலையில் இருந்தால் அப்போது மீதித் தூரத்தை முடிக்கலாம், இல்லையென்றால் அங்கேயே தங்கிவிட்டு விடியும் முன் கிளம்புங்கள்.